தேயிலை ஏறிய பக்கத் தண்டவாளங்கள்

நானுஓயா புகையிரத நிலையத்தில் இறங்கும் உல்லாசப் பயணிகள் முதலில் படம் எடுப்பது பெயர்ப்பலகையை; அதற்கடுத்தது, மூடுபனிக்குள்ளிருந்து வளைவு திரும்பி வந்து நிற்கும் நீல நிறக் கோச்சியை. அவர்கள் நுவரெலியாவுக்கு வான் பிடிக்க வெளியே போன பிறகும் நான் சிறிது நேரம் அங்கேயே நின்று, புல் மூடிக் கிடக்கும் பக்கத் தண்டவாளங்களைப் பார்த்துக்கொண்டிருப்பது வழக்கம். என் தாத்தா இந்த நிலையத்தின் சரக்குக் களஞ்சியமான குட்செட்டில் மூட்டை தூக்கியவர். ஒரு பாதைக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்பதை யாரிடமும் கேட்கத் தேவையில்லை, தண்டவாளத்தின் தலையைப் பார்த்தால் போதும் என்பார் அவர். சில்லு ஓடுகிற தண்டவாளம் தேய்த்து வைத்த வெள்ளிப் பாத்திரம் போல மின்னும், ஓடாத தண்டவாளம் ஒரே மழைக்காலத்தில் செம்மண் நிறத்துக்கு வந்துவிடும்.

பிரதான பாதையிலிருந்து ஒரு பொயின்ட், அதாவது தண்டவாளத்தைத் திருப்பிவிடும் அமைப்பு, வழியாகப் பிரிந்து, ஒரு களஞ்சியத்தின் முன்னாலோ ஒரு மண்மேட்டின் அடியிலோ முட்டி நின்றுவிடும் இத்தகைய பாதையைத் திணைக்களத்தார் சைடிங் என்பர். எங்கள் ஆட்கள் குட்செட் ரோட்டு என்பார்கள். வரைபடத்தில் ஒரு மயிரிழை அளவுக்குத்தான் அது தெரியும். ஆனால் கொழும்பிலிருந்து பதுளை வரை மலையைக் குடைந்தும் பள்ளத்தைத் தூர்த்தும் போடப்பட்ட பாதை முழுவதும், இந்த மயிரிழைகளின் முனையில் காத்திருந்த சரக்குக்காகவே போடப்பட்டது என்பது என் எண்ணம். பயணிகள் அதில் ஏறிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

உலகில் புகையிரதம் பிறந்ததே நிலக்கரிக்காக என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். 1825இல் இங்கிலாந்தில் திறக்கப்பட்ட ஸ்டொக்டன் – டார்லிங்டன் பாதை, சுரங்கத்துக் கரியை ஆற்றுத்துறைக்குக் கொண்டுவரும் நோக்கத்தோடு எழுந்தது. இந்தியாவிலும் 1855இல் ஹவுராவிலிருந்து ராணிகஞ்ச் வரை பாதை போனதற்குக் காரணம், ராணிகஞ்சில் கரி இருந்தமையே. அந்த நாடுகளில் ஒரு சுரங்கம் எங்கே வாய் திறக்கிறதோ அங்கே ஒரு சைடிங் போய் நின்றது. சுரங்கம் வற்றினால் சைடிங்கும் துருப்பிடித்தது. எங்கள் மலைகளில் கரி கிடையாது. எங்களுக்குச் சுரங்கமாக இருந்தது முதலில் கோப்பிக் காடு, பிறகு தேயிலை மலை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் பாதையில் ஓடிய நீராவி எஞ்சின்கள் தின்ற கரியின் பெரும்பகுதி, அந்த வங்காளத்துச் சுரங்கப் பக்கத்திலிருந்து சைடிங்கில் ஏறி, கல்கத்தாவில் கப்பல் மாறி, கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, மீண்டும் வேகனில் ஏறி மலைக்கு வந்தது. தேயிலையைக் கீழே இறக்குவதற்கு வேண்டிய கரியைத் தேயிலை வளரும் உயரத்துக்கு முதலில் சுமந்து ஏற்ற வேண்டியிருந்தது.

கோப்பிக் காலத்தில் சரக்குப் போக்குவரத்து என்பது மாட்டு வண்டியைக் குறித்தது. தோட்டத்தில் கூழ் நீக்கிக் கழுவிய கோப்பிக் கொட்டையை, அதன் உட்தோலோடு சாக்கில் கட்டிக் கொழும்புக்கு அனுப்புவார்கள்; அங்குள்ள மில்களில்தான் அதை முழுவதும் உலர்த்தி, தோல் நீக்கி, பொறுக்கித் தரம் பிரித்தார்கள். ஈரம் முற்றும் போகாத சரக்கு வாரக்கணக்கில் வண்டியில் கிடந்தால் அது புழுங்கிக் கெட்டுப்போகும். வழியில் மாட்டுக்கு நோய் வந்தாலோ மழையில் பாதை அறுந்தாலோ ஒரு தோட்டத்தின் ஆண்டு வருமானமே வழியில் நின்றுவிடும். அறுவடையும் ஆண்டின் சில மாதங்களுக்குள் மொத்தமாக வந்து குவிவதால், எல்லாத் தோட்டத்தாருக்கும் ஒரே நேரத்தில் வண்டி வேண்டும். வண்டிக் கூலி ஏன் வானத்தைத் தொட்டது என்பதை இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

தோட்டங்களை நடத்திய துரைமார் புகையிரதம் கேட்டு நடையாய் நடந்ததன் காரணம் இதுவே. 1845இல் இலண்டனில் இலங்கைப் புகையிரதக் கொம்பனி அமைக்கப்பட்டது. 1854இல் கண்டியில் தோட்ட உரிமையாளர் சங்கம் உருவாகி அந்தக் கோரிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டது. 1858இல் ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டினார். செலவுக் கணக்கு எகிறியதால் 1861இல் கொம்பனியின் கையிலிருந்து வேலை அரசாங்கத்திடம் போனது. 1863இல் ஃபேவியல் என்ற ஒப்பந்தக்காரர் பொறுப்பேற்ற பிறகே வேலை சூடு பிடித்தது. அம்பேபுஸ்ஸ வரையான பாதை 1865இல் பொதுப் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. 1867இல் கோச்சி கண்டிக்கு வந்து சேர்ந்தது. அதே 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார் என்பது, அப்போது யாரும் பெரிதாகப் பொருட்படுத்தாத செய்தி.

அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1869இல், கோப்பி இலையில் செம்மஞ்சள் பொடி படியத் தொடங்கியது. இலைத் துரு நோய் தோட்டம் தோட்டமாகப் பரவிக்கொண்டிருக்க, பாதை மட்டும் நிற்காமல் மேலே ஏறிக்கொண்டிருந்தது: 1874இல் நாவலப்பிட்டி, 1884இல் அட்டன், 1885இல் நானுஓயா. இடையில் 1880இல் கண்டியிலிருந்து மாத்தளைக்கு ஒரு கிளை. அட்டனுக்குக் கோச்சி வந்த 1884ஆம் ஆண்டிலேயே தோட்டங்களுக்குக் கடன் கொடுத்து வந்த ஓரியண்டல் வங்கி முறிந்து விழுந்தது. கோப்பியை ஏற்றுவதற்கென்று தீட்டிய பாதை மேலே வந்து சேரும்போது ஏற்றுவதற்குக் கோப்பி இல்லை. அந்த ஆண்டுகளில் ஒரு நிலைய அதிபராக இருந்தவர் தன் வெற்றுச் சைடிங்கைப் பார்த்து என்ன நினைத்திருப்பார் என்று நான் சில வேளைகளில் யோசிப்பதுண்டு.

தேயிலை அந்த வெற்றிடத்தை நிரப்பியது. நிரப்பிய விதமும் வேறாக இருந்தது. 1873இல் டெயிலர் இலண்டனுக்கு அனுப்பிய முதற்சரக்கின் நிறை வெறும் 23 இறாத்தல். பத்தே ஆண்டுகளில், 1883இல், கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியாயிற்று. கோப்பி போலத் தேயிலை சில மாதங்களில் கொட்டிவிட்டு ஓய்வதில்லை. வாரத்துக்கொரு முறை கொழுந்து எடுத்த மலைக்கே திரும்பத் திரும்பப் போக வேண்டும். நாலரைக் கிலோ அளவுக்குப் பச்சைக் கொழுந்து போனால் ஒரு கிலோ தூள் வரும் என்பதாலும், பறித்த கொழுந்து ஒரு நாளுக்கு மேல் தாங்காது என்பதாலும், தொழிற்சாலை தோட்டத்துக்குள்ளேயே இருந்தாக வேண்டும். ஆகவே, கொழும்புக்குப் போகும் சரக்கு முழுவதும் செய்து முடித்த சரக்கு. ஆண்டு முழுவதும், வாரம் தவறாமல், பெட்டி பெட்டியாகப் போவது. பருவத்துக்கு மட்டும் விழித்துக்கொள்ளும் கோப்பிக் களஞ்சியத்தின் இடத்தில், நிரந்தரமான குட்செட்டும் அதற்கென்று ஒரு கிளார்க்கும் சுமை தூக்கும் ஆட்களும் வந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

பாதை அதன் பிறகும் போனது. 1893இல் ஹப்புத்தளை, அடுத்த ஆண்டு பண்டாரவளை, அதன் பிறகு முப்பது ஆண்டுகள் தாமதித்து 1924இல் பதுளை. ஊவாப் பக்கத்துத் தோட்டத்தார் அதற்காக எழுதிய மனுக்களைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இனி, மலையில் ஒரு சைடிங் போடுவதில் உள்ள சங்கடத்தைச் சொல்ல வேண்டும். சமவெளியில் தண்டவாளம் எங்கே பிரிந்தாலும் பிரியலாம். எங்கள் பாதையோ பல இடங்களில் 44 அடிக்கு ஓர் அடி என்று ஏறுவது. வளைவுகள் 5 செயின், அதாவது 330 அடி ஆரம் வரை இறுகுவது. அந்தச் சாய்வில் எஞ்சினிலிருந்து கழற்றிவிட்ட வேகன் நிற்காது. கவனக்குறைவாக விட்ட ஒரே ஒரு வேகன், யாருமில்லாமல் அடுத்த நிலையம் வரை போய்விடும். ஆகையால் நிலையம் அமைவதற்கே சாய்வு குறைந்த ஓரிடம் வேண்டும். இல்லாவிட்டால் மலையை வெட்டி, வெட்டிய மண்ணை மறுபுறம் கொட்டி, ஒரு திண்ணை போல அந்த இடத்தை உண்டாக்க வேண்டும். மண்வெட்டியாலும் கூடையாலும் நடந்த வேலை அது. மேல்கொத்மலைப் பக்கத்து மலைமுனைகளில் நிலையங்கள் ஏன் அவ்வளவு நெருக்கமாக, பள்ளத்தின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன என்பது இதைப் புரிந்துகொண்டால் விளங்கும். பிரதான பாதைக்கும், எதிரெதிரே வரும் கோச்சிகள் விலகிக்கொள்ளும் ஒரு கடவைப் பாதைக்கும் ஒரு சைடிங்குக்கும் மட்டுமே அந்தத் திண்ணையில் இடம் இருக்கும்.

சைடிங்கில் விடப்பட்ட வேகனுக்குக் கைப்பிரேக்கை இறுக்கிவிட்டுச் சில்லுக்கு அடியில் கட்டை வைப்பார்கள். அதையும் மீறி உருண்டால், அது பிரதான பாதைக்குள் புகுந்துவிடாதபடி சைடிங்கின் வாயில் ஒரு பொயின்ட் இருக்கும். அதன் வேலை, வருகிற வேகனை வேண்டுமென்றே தடம் புரளச் செய்வது. ஒரு வேகன் கவிழ்ந்தால் போனது சரக்கு. அது ஒற்றைப் பாதையில் இறங்கி எதிரே வரும் கோச்சியில் மோதினால் போவது உயிர்கள். இந்தக் கணக்கைத் தாத்தா எனக்கு விளக்கியபோது எனக்கு எட்டு அல்லது ஒன்பது வயது. தடம் புரளச் செய்வதற்கென்றே தண்டவாளத்தில் ஓர் ஏற்பாடு இருக்கும் என்பதை நம்ப மறுத்தேன். அவர் என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போய் அந்த இடத்தைக் காட்டினார்.

ஏற்றத்தைப் பற்றி இன்னொன்றும் உண்டு. சரக்குப் பாதைகளில் பொதுவாகப் பாரமான சரக்கு இறங்கும் திசையில் போவதும் வெற்று வேகன்கள் ஏறுவதும் கொம்பனிகளுக்குப் பிடித்த ஏற்பாடு. மலை உச்சிச் சுரங்கத்திலிருந்து துறைமுகத்துக்குக் கரி இறங்குவது அப்படித்தான். எங்கள் பாதையில் அது தலைகீழாக இருந்தது. கீழே போனது தேயிலை, அது இலேசான சரக்கு. மேலே வந்தவையோ அரிசி, உரம், தொழிற்சாலை யந்திரங்கள், சீமெந்து, எஞ்சினுக்கான கரி. சுமை முழுவதும் ஏற்றத்தில் வந்தது. பின்னால் தள்ளுவதற்கு இன்னோர் எஞ்சின் வேண்டியிருந்தது; நாவலப்பிட்டி என்ற ஊர் புகையிரத ஊராக வளர்ந்ததற்கு அங்கிருந்த எஞ்சின் கொட்டகையே காரணம். 1927இலும் பிறகு 1945இலும் கெரட் வகை எஞ்சின்கள் தருவிக்கப்பட்டதும் இந்த ஏற்றத்துக்காகத்தான். ஒரே கொதிகலனை நடுவில் தாங்கிக்கொண்டு, முன்னும் பின்னும் தனித்தனிச் சில்லுத் தொகுதிகள் கொண்ட அந்த எஞ்சின், நீளமாக இருந்தும் எங்கள் வளைவுகளில் மடங்கித் திரும்பும்.

அரிசி மூட்டையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தோட்டத்தில் நெல் விளையாது. தொழிலாளிக்கு அரிசி கொடுத்து அதன் விலையைச் சம்பளத்தில் கழிப்பது தோட்ட வழக்கம். அந்த அரிசி பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் வந்து, கொழும்பில் வேகன் ஏறி, அட்டன், தலவாக்கலை, நானுஓயா குட்செட்டுகளில் இறங்கி, அங்கிருந்து தோட்ட வண்டியில் ஸ்டோருக்குப் போகும். ஆகவே கோச்சி ஒரு வாரம் வராவிட்டால் துரைக்கு நஷ்டம் தேயிலையில். எங்கள் ஆட்களுக்கு அடுப்பில். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபட்டது என்ற செய்தி தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு வந்தால், பெண்கள் முதலில் அரிசிப் பானைக்குள் கையை விட்டுப் பார்ப்பார்கள் என்று அம்மாயி சொல்லியிருக்கிறார்.

குட்செட்டில் ஒரு வேலை நாள் எப்படிப் போகும் என்பதைத் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். இரவில் வந்த சரக்குக் கோச்சி விட்டுப்போன வேகன்களை விடியற்காலையில் திறப்பார்கள். குறித்த நேரத்துக்குள் சரக்கை இறக்கி வேகனைக் காலியாகக் கொடுக்காவிட்டால், சரக்குக்கு உரியவர் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் கட்ட வேண்டும். அந்தக் காசு துரையின் கையிலிருந்து போவதால், கோபம் கிளார்க்கின் தலையில் இறங்கி, கிளார்க்கின் கோபம் சுமை தூக்குபவர்களின் தலையில் இறங்கும். அரிசி மூட்டை முதுகில். உர மூட்டை தோளில், ஏனென்றால் உரம் கழுத்தில் கொட்டினால் வியர்வையோடு சேர்ந்து எரியும். மத்தியானத்துக்குப் பிறகு தோட்டங்களிலிருந்து தேயிலைப் பெட்டிகள் வரத் தொடங்கும். மெல்லிய பலகையில் செய்து, ஓரங்களில் தகரப் பட்டை அடித்து, உள்ளே ஈயத் தாளும் பிற்காலத்தில் அலுமினியத் தாளும் விரித்த பெட்டிகள் அவை. தூளின் இரகத்தைப் பொறுத்துக் கூடியும் குறைந்தும், ஏறத்தாழ 100 இறாத்தல் தூள் பிடிக்கும். பெட்டியின் முகத்தில் தோட்டத்தின் பெயர், இரகம், தொடர் எண், பெட்டியோடு சேர்த்த நிறை, பெட்டி நீக்கிய நிறை எல்லாம் கறுப்பு மையில் அச்சிட்டிருக்கும்.

தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த மை எழுத்துகளின் உருவத்தை வைத்து எது எந்தத் தோட்டத்துப் பெட்டி என்பதை அவரால் தூரத்திலிருந்தே சொல்ல முடியும். இன்னும் ஒரு படி மேலே போய், மணத்தைக் கொண்டே இரகத்தைச் சொல்வேன் என்று பெருமை பேசுவார்; அதை நான் அப்போதும் முழுவதும் நம்பவில்லை, இப்போதும் நம்பவில்லை. தேயிலைப் பெட்டி ஏற்றும் வேகன் நன்றாகக் கூட்டித் துடைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதும், முதல் நாள் உரமோ மண்ணெண்ணெயோ வந்த வேகனில் தேயிலை ஏற்றக் கூடாது என்பதும் அங்கே வேதவாக்கு. தேயிலைத் தூள் அருகிலுள்ள எந்த மணத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். கொழும்பில் தூளைச் சுவைத்துப் பார்க்கிறவர் ஒரு மிடறில் கண்டுபிடித்துவிடுவார்.

பெயர் எழுதிய பெட்டிகள் இறங்கிய அதே பாதையில் எண் எழுதிய மனிதர்கள் ஏறினார்கள். ஆரம்ப காலத்தில் எங்கள் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாக நடந்தே மாத்தளைக்கு வந்தவர்கள். வழியில் விழுந்தவர்களின் கணக்கை யாரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர டிக்கெட் முறை வந்தது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணைப் பொறித்த தகரத் துண்டை வருகிற ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். அதைப் பார்த்து, எந்த நிலையத்தில் இறக்கி எந்தத் தோட்டத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதை முடிவு செய்வார்கள். 1914இல் தலைமன்னார்ப் பாதையும் தனுஷ்கோடிக் கப்பலும் ஓடத் தொடங்கிய பிறகு, இந்தியக் கரையில் தொழிலாளரைத் தங்கவைத்த மண்டபம் முகாமிலிருந்து அட்டன் வரை ஒரே தொடராக வந்துவிட முடிந்தது. தோட்டப் பெயரை எழுதிப் பெட்டியை ஏற்றுவதற்கும் தோட்ட எண்ணைக் கொடுத்து ஆளை இறக்குவதற்கும் இடையே வேறுபாடு காண நான் பலமுறை முயன்றிருக்கிறேன். பெட்டிக்குக் காப்புறுதி இருந்தது.

நானுஓயாவின் பக்கத் தண்டவாளங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இப்போது இல்லாத ஒன்று. 1903இல் நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கும், அடுத்த ஆண்டு கந்தப்பளை வழியாக ராகலைக்கும் ஒரு சிறிய பாதை போடப்பட்டது. மொத்தம் ஏறத்தாழ 19 மைல். உடப்புசல்லாவைப் பாதை என்பது அதன் பெயர், ஆனால் உடப்புசல்லாவைக்கு அது ஒருநாளும் போய்ச் சேரவில்லை. பிரதான பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே 5 அடி 6 அங்குலம். இதிலோ 2 அடி 6 அங்குலம். ஏற்றம் பிரதான பாதையைவிடக் கடுமை, வளைவுகள் அதைவிட இறுக்கம். கந்தப்பளை நிலையம், இன்று உயரத்துக்குப் பேர் போன பட்டிப்பொலை நிலையத்தையும் விட உயரத்தில் இருந்தது. ஒரு முழுப் பாதையாகப் பெயர் வைத்திருந்தார்களே தவிர, ராகலைப் பக்கத்துத் தோட்டங்களுக்காக 19 மைல் நீளத்துக்கு இழுத்துவிட்ட ஒரு சைடிங் என்றுதான் நான் அதைச் சொல்வேன்.

அகலம் மாறுபட்டதால் ஒரு பாதையின் வேகன் மற்றதில் ஓடாது. ஆகையால் ராகலையிலிருந்து வந்த ஒவ்வொரு பெட்டியையும் நானுஓயாவில் சின்ன வேகனிலிருந்து இறக்கிப் பெரிய வேகனில் ஏற்ற வேண்டும். கொழும்பிலிருந்து வந்த ஒவ்வொரு மூட்டையையும் அப்படியே எதிர்த் திசையில். இரண்டு வேகன்களையும் அருகருகே நிறுத்தி, இடையில் பலகை போட்டு, மனிதர்கள் தோளில் மாற்றினார்கள். சின்னப் பாதையைப் போட்டதில் மிச்சமான பணம், இந்த மாற்றுக் கூலியில் ஆண்டாண்டாகத் திரும்பிப் போயிருக்கும். ஆனால் தாத்தாவுக்குச் சோறு போட்டது அந்த மூன்றடி அகல வேறுபாடுதான். "ரெண்டு தண்டவாளமும் ஒரே அளவா இருந்திருந்தா நான் மலையில முள்ளுக் குத்திக்கிட்டு இருந்திருப்பேன்டா தம்பி" என்று சிரிப்பார். முள்ளுக் குத்துவது என்றால் தேயிலை மலையில் மண் கிளறும் வேலை.

லொறி அந்தச் சிரிப்பை முடித்து வைத்தது. கோச்சியில் அனுப்பினால் தோட்டத்தில் ஒரு முறை ஏற்றி, நிலையத்தில் ஒரு முறை மாற்றி, நானுஓயாவில் இன்னொரு முறை மாற்றி, கொழும்பில் மறுபடி இறக்க வேண்டும். லொறியோ தொழிற்சாலை வாசலில் ஏற்றிய பெட்டியைக் கொழும்புக் களஞ்சிய வாசலில் இறக்கிவிடும். நான்கு கை மாறும்போது எத்தனை பெட்டியின் மூலை உடையும் என்பதும் கணக்கில் சேர்ந்தது. நாலா பக்கமும் தார் வீதி வந்த பிறகு, குறுகிய தூரமும் கடுமையான ஏற்றமும் கொண்ட சின்னப் பாதையால் போட்டியிட முடியவில்லை. 1948இல் அது மூடப்பட்டது, பிறகு தண்டவாளங்களும் கழற்றப்பட்டன. அதே 1948இன் குடியுரிமைச் சட்டத்தில் எங்கள் ஆட்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். தாத்தா இரண்டையும் ஒரே ஆண்டின் இழப்புகளாகச் சொல்வார். அதிலும் பாதையைத்தான் முதலில் சொல்வார்.

பிரதான பாதையின் சைடிங்குகள் அதன் பிறகும் பல ஆண்டுகள் தாக்குப் பிடித்தன. 1950களில் டீசல் எஞ்சின்கள் வந்தன; கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா கொடுத்த எஞ்சின்களுக்கு அந்த நாட்டு மாகாணங்களின் பெயர்களைச் சூட்டியிருந்தார்கள். கரி வேகன் வருவது மெல்ல நின்றது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் அவற்றின் நிர்வாகம் மறுபடி தனியாரிடம் போவதற்குள், தேயிலை ஏறத்தாழ முழுவதும் வீதிக்கு மாறிவிட்டது. பலகைப் பெட்டியும் போய்க் காகிதச் சாக்கு வந்தது. குட்செட்டில் முதலில் ஆட்கள் குறைந்தார்கள், பிறகு கிளார்க் மாற்றலாகிப் போனார், பிறகு பொயின்ட்டுக்கு எண்ணெய் விடுவது நின்றது. சைடிங்கை மூடுவதாக யாரும் அறிவிக்கவில்லை.

ஆனால் அந்த வெறுமைக்கு முன் குட்செட் ரோட்டுகள் கடைசியாக ஒரு முறை நிரம்பின. இலங்கையும் இந்தியாவும் செய்த 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி எங்கள் ஆட்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்குப் போவதென்று முடிவாயிற்று. போகிறவர்கள் அட்டனிலும் தலவாக்கலையிலும் நானுஓயாவிலும் பண்டாரவளையிலும் கோச்சி ஏறித் தலைமன்னாருக்குப் போய், கப்பல் பிடித்து ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். அந்தக் கோச்சிக்கு மலையகத்தில் வழங்கிய பெயர் அழுகைக் கோச்சி. அம்மாயியின் தங்கை குடும்பம் 1973இல் போனபோது நானும் நிலையத்துக்குப் போயிருந்தேன். அம்மி, குழவி, பித்தளைக் குடம், மாமா படம் எல்லாவற்றையும் தொழிற்சாலையில் கழித்துப் போட்ட இரண்டு தேயிலைப் பெட்டிகளுக்குள் வைத்து ஆணி அடித்திருந்தார்கள். தோட்டத்தின் பெயரும் தூளின் இரகமும் நிறையும் அப்படியே கறுப்பு மையில் இருக்க, அதன் மேல் போகிற ஊரின் பெயரைச் சுண்ணாம்பால் யாரோ எழுதியிருந்தார்கள். அந்தப் பெட்டிகளைச் சாமான் வேகனில் ஏற்றியது தாத்தாதான். அப்போது அவர் வேலையை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. இன்னோர் ஆளை ஏற்ற விடவில்லை.

இன்று மிஞ்சியிருப்பது என்ன என்று பார்த்தால், கண்டியில் ஒரு பெயர் மிஞ்சியிருக்கிறது. மலைநாட்டுக்குப் பஸ் ஏறுகிறவர்கள் பல ஆண்டுகளாகக் குட்செட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவந்தார்கள். அந்தப் பஸ் நிலையத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் இளைஞர்களில் பலர் முழிக்கிறார்கள். கடுகண்ணாவையில் 2014இல் திறந்த புகையிரத அருங்காட்சியகத்தில் பழைய எஞ்சின்களைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம், நானும் என் வகுப்பு மாணவர்களை ஒருமுறை அழைத்துப் போனேன். எஞ்சினில் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். குட்செட்டில் சுமை தூக்கியவரைக் காட்சிக்கு வைக்க முடியாதுதான்.

முற்றாகச் செத்துவிட்டது என்றும் சொல்லிவிட முடியாது. கொட்டகலையில் எண்ணெய்க் களஞ்சியம் இருக்கிறது. மலைநாட்டுக்கு வேண்டிய டீசலும் பெற்றோலும் இன்னமும் தாங்கி வேகன்களில் அங்கே ஏறி வருகின்றன. நூறு ஆண்டுகளுக்கு முன் கரி ஏறி வந்தது போலவே, எரிபொருளை எரித்து எரிபொருளை மேலே ஏற்றும் வேலை. தேயிலையைக் கோச்சியிடமிருந்து பறித்துக்கொண்ட லொறிகளுக்கு ஊற்றுவதும் இந்த எண்ணெயைத்தான். போன மாதம் அட்டனிலிருந்து நானுஓயாவுக்குப் போகும் வழியில், சிங்கமலைச் சுரங்கப் பாதையைத் தாண்டிக் கொட்டகலையில் கோச்சி நின்றபோது யன்னலால் எட்டிப் பார்த்தேன். எண்ணெய் வேகன்களுக்கான பக்கத் தண்டவாளத்தின் தலை மின்னிக்கொண்டிருந்தது.